முன்கூட்டியே அழுதவள்

பள்ளி நாடகத்தில் ராணி வேஷம் தெமெலீனாவுக்குத்தான் என்று ஊரானியா டீச்சர் அறிவித்த அன்று, வீட்டில் சந்தோஷப்பட்டது அவளுடைய அப்பா நோமிக்கோஸ் மட்டும்தான். அம்மா செவஸ்தி முற்றத்தில் உட்கார்ந்து கடற்பஞ்சைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் நிற்கவில்லை.

"ராணியா? அப்ப இனிமே பாத்திரம் தேய்க்க மாட்டாளாக்கும்" என்றாள்.

"இந்த ராணிக்குத் தேய்க்கிறதுக்கு எங்க நேரம்? அவ நாடகம் பூரா அழறா" என்றார் நோமிக்கோஸ். "மகன் கடல் தாண்டிச் சண்டைக்குப் போயி செத்துப்போறான். உடம்பு வரல. தூதன் வந்து அவன் அங்கிய மட்டும் கையில குடுத்துட்டுப் போறான். அதானே மகளே?"

"ஆமாப்பா."

"இதுக்கு ஏதென்ஸ்ல இருந்து ஒரு டீச்சரம்மா வந்து சொல்லிக் குடுக்கணுமா? நம்ம சந்துல நடந்து பாத்தா போதாதா?" என்றாள் செவஸ்தி.

அவள் சொன்னதில் பொய்யில்லை. கலிம்னோஸ் தீவில் கறுப்புத் துணிக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் வந்ததில்லை. ஈஸ்டர் முடிந்ததும், கடலில் முழுகிப் பஞ்சு எடுக்கிறவர்களோடு பஞ்சுப் படகுகள் லிபியக் கரைக்குப் போகும், மழை தொடங்கும்போது திரும்பும். போனவர்கள் எல்லோரும் திரும்புவதில்லை. செத்தவனை அங்கேயே மணலில் புதைத்துவிட்டு, படகு வேலையைத் தொடரும். வீட்டுக்குச் செய்தி மட்டும் வரும். அப்போது அவன் நல்ல உடுப்பைக் கட்டிலில் விரித்து, அதன் கைகளைக் குறுக்கே மடித்து வைத்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுவார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துப் பழைய நாடகம் என்று டீச்சர் கண்கள் விரியச் சொன்னபோது வகுப்பில் பாதிப் பேர், நம் பக்கத்து வீட்டில் போன வருஷம் நடந்ததுதானே என்று நினைத்தார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாவம், அவள் ஆசையைக் கெடுப்பானேன்.

நோமிக்கோஸ் இப்போது படகில் போவதில்லை, வீட்டில்தான் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் அவருக்குக் கால்கள் இரண்டும் மரத்துப் போயின. ஒன்று பாதி திரும்பி வந்தது, மற்றது வரவேயில்லை. ஊன்றுகோலோடு வீட்டுக்கும் காப்பிக் கடைக்கும் இழுத்து இழுத்து நடப்பார். முற்றத்தில் பெண்களோடு உட்கார்ந்து பஞ்சு கத்தரிப்பார். தீவின் நல்ல முழுகாளிகளில் ஒருவர் என்று பேர் வாங்கியவர் அவர். அந்த மனுஷனுக்குக் கையில் கத்தரிக்கோல் எப்படி இருந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அதனால் நாடகத்தைப் பிடித்துக்கொண்டார். மகளுடைய வசனம் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் அடுப்படியில் நிற்க வைத்துச் சொல்லச் சொல்வார். அவள் திக்கி நின்றால் முழு வரியையும் எடுத்துக் கொடுக்க மாட்டார்.

"முதல் வார்த்தைய மட்டும்தான் குடுப்பேன். மிச்சத்த நீதான் இழுக்கணும். கீழ முழுகியிருக்கும்போது எங்களுக்குப் படகுல இருந்து கயித்துல ஒரு சுண்டு சுண்டுவாங்க பாரு, அவ்வளவுதான். அதுக்கு மேல அவங்களும் ஒண்ணும் செய்ய முடியாது."

அங்கிக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, தன் கல்யாணக் கோட்டையே எடுத்துக் கொடுத்தார். கருநீலம். வலது முழங்கை தேய்ந்து, செவஸ்தி ஒட்டுப் போட்டது. அதைப் பார்த்ததும் செவஸ்திக்கு முகம் மாறிவிட்டது.

"உனக்கென்ன பைத்தியமா? உசுரோட இருக்கிற மனுஷனோட கோட்டப் போட்டு அழுவாங்களா?"

"கடல்ல இருக்கிறவனுக்குத்தாண்டி அந்தச் சட்டம்" என்று சிரித்தார். "நான் தரையிலதானே இருக்கேன். நல்லா பாரு. நம்ம கோழிகூட என்னைவிட வேகமா ஓடுது. என்னைத் தேடிக் கடல் எங்க வரப்போகுது?"

அது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். படகுகள் வெளியே இருக்கும் மாதங்களில், அங்கிருந்து சாவுச் செய்தி வந்தாலொழிய, பெண்கள் ஒப்பாரிக்கு வாய் திறப்பதில்லை. அந்த மாதங்களில் ஊரில் யாராவது வயதாகிப் போய்ச் சேர்ந்தால்கூட, பாதிரியாரின் ஜபத்தோடு சரி. அழுகைச் சத்தம் தண்ணீரின் மேல் போகும், அதைக் கேட்ட கடல் தன்னிடம் இருக்கிறவனை எடுத்துக்கொள்ளும் என்பார்கள். தப்பித் தவறி முணுமுணுத்த பெண்ணைப் பக்கத்தில் இருப்பவள் கிள்ளுவாள். ஆனால் நாடக அழுகைக்கு, அதுவும் தரையில் இருக்கிறவனுடைய கோட்டை வைத்து அழுவதற்கு, அது பொருந்தாது. செவஸ்தியும் அரைமனதோடு வாயை மூடிக்கொண்டாள்.

"நான் முதல் வரிசையில உக்காருவேன்" என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தார் நோமிக்கோஸ். "நீ கோட்ட விரிச்சுப் போட்டு அழ ஆரம்பிக்கும்போது பலமா இருமுவேன். செத்தவன் இருமுறான்னு ஊரே சிரிக்கட்டும்."

"அப்படி மட்டும் செஞ்சீங்க, மேடையில இருந்து செருப்ப எறிவேன்."

"எறி. ராணி செருப்புன்னு எடுத்து வச்சுக்கிறேன்."

ஈஸ்டர் போனது. படகுகள் கிளம்பிய வாரம், யாக்குமிஸ் என்ற படகுத் தலைவனிடம் இருந்த ஒரு முழுகாளிக்குக் காது உடைந்து ரத்தம் வந்துவிட்டது. பதில் ஆள் தேடி யாக்குமிஸ் நேராகச் செவஸ்தியின் முற்றத்துக்கு வந்தான். பஞ்சு கத்தரிக்கும் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த நோமிக்கோஸைப் பார்த்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். வேண்டும் என்று அப்படிச் செய்தானோ என்னவோ, "இங்கதான் இருக்கியா நோமிக்கோஸ்?" என்று மட்டும் கேட்டான். வேறு எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை.

தெமெலீனா அப்போது பள்ளியில் ஒத்திகையில் இருந்தாள். துறையில் மணி அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது யாக்குமிஸின் படகு வெளியே திரும்பிக்கொண்டிருந்தது. வழக்கம்போலத்தான் என்று திரும்பி வந்து, ராணியின் வசனத்தைத் தொடர்ந்தாள். வீட்டுக்குப் போனபோது ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது.

"அப்பா எங்க?"

செவஸ்தி தலையைத் தூக்காமலேயே சொன்னாள். "தண்ணிக்குள்ள காலு நேரா நடக்குதாம். தரையிலதான் நொண்டியாம். என்கிட்டதான் இத்தன நாளா சொல்லலையாம்."

"எனக்கு?"

"நாடகத்த நல்லாப் பண்ணுன்னு சொல்லச் சொன்னாரு."

தெமெலீனா அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, பொல்லாத கோபம். அப்பா மேல் அப்படி ஒரு கோபம் வரும் என்று அவளே நினைத்ததில்லை. மகளுக்குக் கொடுத்த வாக்கைக் காற்றில் பறக்கவிட்டு, அவளிடம் முகத்தைக்கூடக் காட்டாமல் போய்விட்டார். அவள் ஊன்றுகோலை எடுத்துக் கோழிக்கூட்டின் பின்னால் வீசினாள். அம்மா அதைப் போய் எடுத்துவந்து, துடைத்து, அதே இடத்தில் சாய்த்து வைத்தாள். பிறகு கோட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு சிறிய மரச்சிலுவையை வைத்து மூடினாள்.

"இனிமே இதத் தொடாத. பள்ளிக்கூடத்துல வேற துணி வாங்கிக்கோ."

ஊரானியா டீச்சர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டாள். வகுப்பின் பழைய ஜன்னல் திரைச்சீலையைக் கிழித்து அங்கியாக்கிக் கொடுத்தாள். ஆனால் அதன் பிறகு ஒத்திகையில் எதுவும் சரியாக வரவில்லை. கோட்டை விரித்த காலத்தில் தெமெலீனாவுக்குத் தானாக நடுங்கிய குரல், திரைச்சீலைக்கு முன்னால் பாடம் ஒப்பித்தது.

"வார்த்தை வருது, அழுகை வரலையே தெமெலீனா" என்றாள் டீச்சர். "அந்தத் துணியப் பாக்கும்போது உனக்கு யாரும் ஞாபகத்துக்கு வரலையா?"

"திரைச்சீலைதான் ஞாபகத்துக்கு வருது டீச்சர்."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "ஏதென்ஸ்ல இருந்து ஆய்வாளர் வர்றாரு. இத்தன மாசமா உழைச்சது அவருக்கு முன்னால கந்தலாகணுமா? சும்மா நாடகம்தானே. கொஞ்சம் மனசுவிட்டு அழேன்."

தெமெலீனாவுக்கு மனசுவிட்டு அழ ஆசைதான். அவள் மனசில் இருந்தது ஒரே ஒரு ஆள்தான், அந்த ஆளைப் பார்த்துத்தான் அழ வேண்டியிருந்தது. நாடகத்தன்று அம்மா தலைவாரிக்கொள்ளப் போன நேரம் பார்த்து அவள் பெட்டியைத் திறந்தாள். சிலுவையை எடுத்து ஜன்னலில் வைத்தாள். கோட்டை எடுத்துத் திரைச்சீலைக்குள் சுருட்டிக்கொண்டு ஓடினாள். சட்டம் அவளுக்குத் தெரியாதா? மூன்று வயதிலிருந்தே தெரியும். வாக்கை மதிக்காமல் முதலில் போனது அப்பாதானே என்று நினைத்துக்கொண்டாள். பதினேழு வயதுக் கோபத்துக்கு அந்த நியாயம் போதும்.

பள்ளி முற்றத்தில், கடலைப் பார்த்தபடி மேடை. வெயில் இறங்கும் நேரம். ஆய்வாளரும் பாதிரியாரும் நடுவில். மற்றபடி எல்லாம் பெண்கள்தான், கோல் ஊன்றிய பழைய முழுகாளிகள் சிலரைத் தவிர. செவஸ்தி முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்திருந்தாள். யாரையும் அங்கே உட்கார விடவில்லை.

நாடகத்தில் ராணியோடு சேர்ந்து அழும் குழுவினர், தாய்மாரிடம் இரவல் வாங்கிய கறுப்பில் வந்து நின்றார்கள். தூதன் வேஷம் யாக்குமிஸின் மகன் பந்தெலிஸுக்கு. நல்ல கணீரென்ற குரல். போர் எப்படித் தோற்றது, கப்பல்கள் எப்படி உடைந்தன என்று எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னான். கடைசியில் மூட்டையைப் பிரித்தான். கோட்டைப் பார்த்ததும் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அது யாருடையது என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கோட்டுக்காரர் இப்போது அவனுடைய அப்பாவின் படகில் இருந்தார்.

"குடு" என்று மெல்லச் சொன்னாள் தெமெலீனா.

வாங்கி, மேடைக் கல்மேல் விரித்தாள். அதன் கைகளைக் குறுக்கே மடித்தாள். அதிலிருந்து அப்பாவின் புகையிலை வாசனை அடித்தது. அடித்ததுதான் தாமதம், டீச்சர் சொல்லிக் கொடுத்த வரிகள் ஒன்றுகூட அவளுக்கு நினைவில்லை. முதல் வரிசையைப் பார்த்தாள். முதல் வார்த்தையைக் கொடுக்க வேண்டிய நாற்காலியில் அம்மாவின் கைப்பை இருந்தது.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. நாடகக் குரல் அல்ல. எங்கள் பெண்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து இழுக்கும் அதே இழுப்பு.

"முழங்கை தேய்ந்த கோட்டே, முழங்கை எங்கே விட்டாய்?
பொத்தானைத் தைத்து வைத்தோம், பூட்டுகிற விரல் எங்கே?
வாசலில் காத்திருந்தேன், வாக்கு மட்டும் வந்ததடா.
தரையில் நொண்டினாய், தண்ணீரில் நடந்தாய்,
எந்தத் தரைக்கு இனி நீ ஏறி வருவாய்?"

கோபமாகத்தான் தொடங்கினாள். எங்கள் ஒப்பாரியில் செத்தவனைத் திட்டுவதும் உண்டு, ஏன் போனாய் என்று கேட்டுக் கேட்டுத்தான் அழுவார்கள். ஆனால் நாலாவது வரியில் கோபம் போய், அழுகை உண்மையாகவே வந்துவிட்டது. குழுவில் இருந்த பெண்கள் தம்மையறியாமல் முனகலைச் சேர்த்துக்கொண்டார்கள்.

முற்றத்தில் முதலில் விசும்பல் கேட்டது. நொண்டினாய் என்ற சொல்லில் எல்லோருக்கும் ஆள் புரிந்துவிட்டது. ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி கெட்டது அண்டாமலிருக்கத் தன் மார்புக்குள் மூன்று தரம் துப்பிக்கொண்டாள். "வாய மூடுடி பாவி, அவன் கடல்ல இருக்கான்!" என்று பின்னாலிருந்து கத்தியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

செவஸ்தி எழுந்தாள். மேடைமேல் ஏறினாள். மகள் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டை எடுத்து, தோளோடு தோள் சேர்த்து நிதானமாக மடித்து, கையில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தாள். பின்னாலேயே பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நாற்காலிகள் இழுபடும் சத்தத்துக்கு நடுவில் ஆய்வாளர் எழுந்து நின்று கைதட்டினார். அதுவும் நாடகத்தில் ஒரு காட்சி என்று நினைத்துக்கொண்டாராம். ஊரானியா டீச்சர் கண்ணீரோடு வந்து தெமெலீனாவைக் கட்டிக்கொண்டு, "அற்புதம், அற்புதம்" என்றாள். ஏதென்ஸ்காரர்களுக்கு எங்கள் தீவில் எல்லாமே அற்புதம்தான். டீச்சர் ஜூனில் கப்பல் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டில் அடி விழும் என்று தெமெலீனா எதிர்பார்த்தாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். செவஸ்தி சூப்பைத் தட்டில் ஊற்றி அவள் முன்னால் வைத்தாள்.

"அவரு திரும்பி வந்தா, இத நாம யாரும் அவருகிட்ட சொல்லக் கூடாது" என்றாள். "வரலைன்னா..."

அன்றிலிருந்து அந்த வீட்டில் உப்பு எங்கே, தண்ணீர் இறைத்தாயா என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. பஞ்சு கத்தரிக்க வருகிற பெண்கள் வேறு முற்றம் பார்த்துக்கொண்டார்கள். ரொட்டிக் கடையில் அவள் உள்ளே போனால் பேச்சு நின்றது. பந்தெலிஸ் ஒருநாள் சந்தில் எதிரே வந்தான். "எங்கப்பனும் அதே படகுலதான் இருக்காரு தெமெலீனா" என்றான். திட்டவில்லை. அதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

அந்தக் கோடை முழுவதும் தெமெலீனாவுக்கு இருந்த வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். அப்பா வர வேண்டும். நொண்டியபடி வரட்டும், தவழ்ந்து வரட்டும், வந்து ஒருமுறை பலமாக இருமினால் போதும். அப்போது அவள் செய்தது வெறும் நாடகமாகிவிடும். வராவிட்டால் அது என்னவாகும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். தன்னுடையதை அம்மாவுடையதற்குப் பக்கத்தில் வைக்கக் கூசி, ஓரமாக வைத்தாள்.

மாதா திருவிழா முடிந்த வாரம். உச்சி வெயிலில் பாதிரியார் துறையிலிருந்து சந்துக்குள் ஏறி வந்தார். அந்த நேரத்தில் பாதிரியார் எதற்கு வருவார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு கதவிலும் ஒரு பெண் நின்றாள். அவர் தாண்டிப் போன கதவுகளில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பந்தெலிஸின் வீட்டையும் தாண்டினார்.

செவஸ்தி அவரை வாசலிலேயே நிறுத்தினாள். "உக்காருங்கன்னு சொல்ல மாட்டேன் சாமி. சொல்லிட்டுப் போங்க."

லிபியக் கரையில் தெர்னா பக்கத்தில், ஆழத்திலிருந்து ஏறும்போது. இந்தத் தடவை கால்களோடு நிற்கவில்லை. அன்றைக்கே கரையில் மணலில் புதைத்துவிட்டு, படகுப் பலகையில் சிலுவை செய்து நட்டிருந்தார்கள். தந்தியில் இருந்தது அவ்வளவுதான்.

தெமெலீனா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. நான்தான், நான்தான் என்று ஒரே சொல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. நீ இல்லை, ஆழம்தான், யாக்குமிஸ்தான், அந்த மனுஷனுடைய வீம்புதான் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. இருந்து சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.

மே மாதத்துக்குப் பிறகு எட்டிப் பார்க்காத பெண்கள் எல்லோரும் அன்று வந்தார்கள். துக்கத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். செவஸ்தி பெட்டியைத் திறந்தாள். கோட்டைக் கட்டிலில் விரித்தாள், கைகளை மடித்து வைத்தாள். தெமெலீனா கட்டிலருகே மண்டியிடப் போனபோது, அம்மாவின் கை குறுக்கே வந்தது.

"நீ வெளிய போ."

"அம்மா..."

"நீதான் அழுதாச்சே. மே மாசமே அழுதாச்சு. உன் பங்கு முடிஞ்சுபோச்சு."

தெமெலீனா முற்றத்துக்கு வந்து ஜன்னலுக்குக் கீழே பஞ்சு மூட்டைகளின்மேல் உட்கார்ந்தாள். சொந்த அப்பனுக்கு அழக் கூடாது என்று வெளியே தள்ளப்பட்டவள் எங்கள் தீவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கட்டிய பெண்டாட்டி முதல் வரியை எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் சேர முடியும். உள்ளே வெகுநேரம் சத்தமில்லை. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஒரு கிழவியின் கோல் தரையில் தட்டியது. அம்மாவின் குரல் தொடங்கியபோது தெமெலீனா தலையைத் தூக்கினாள்.

"முழங்கை தேய்ந்த கோட்டே, முழங்கை எங்கே விட்டாய்?
பொத்தானைத் தைத்து வைத்தோம், பூட்டுகிற விரல் எங்கே?"

அம்மா ஒரே ஒரு தடவை கேட்டது. மேடைக்கு ஏறி வருவதற்கு முன் அந்தக் கொஞ்ச நேரத்தில் கேட்டது. ஒரு சொல் மாறவில்லை. கோடை முழுவதும் வாயைத் திறக்காமல் அம்மா எதை உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள் என்று இப்போதுதான் தெரிந்தது. வேறு சொல் தேடியிருப்பாள், கிடைத்திருக்காது. அவருக்கான சொல் வேறு எங்கே இருந்தது?

"வாசலில் காத்திருந்தேன், வாக்கு மட்டும் வந்ததடா..."

குரல் அங்கே நின்றது. மறுபடி அதே வரியைச் சொன்னாள். மறுபடி அங்கேயே நின்றது. அடுத்தது வரவில்லை. பெண்கள் காத்திருந்தார்கள். அந்த வரியை அங்கே யாரும் எடுத்துக் கொடுக்க முடியாது.

தெமெலீனா மூட்டைமேல் ஏறி நின்று, ஜன்னல் கம்பியில் வாயை வைத்தாள். முழு வரியையும் சொல்லவில்லை.

"தரையில்..." என்றாள்.

உள்ளே யாரோ, "சும்மா இருடி" என்று அதட்டினார்கள். பிறகு அம்மாவின் குரல் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது.

"தரையில் நொண்டினாய், தண்ணீரில் நடந்தாய்..."

பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். வீடு அதிர்ந்தது. பொழுது சாயும்வரை அந்த அழுகை சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வரும்போது செவஸ்தி நின்றாள். முதல் தடவை மறந்திருப்பாள். அதற்குப் பிறகு மறந்திருக்க முடியாது. நின்று, ஜன்னல் பக்கம் திரும்பாமலேயே காத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் வெளியிலிருந்து அந்த ஒரு சொல் வந்தது, அவள் வாங்கிக்கொண்டாள்.

உள்ளே வா என்று மட்டும் கூப்பிடவில்லை.